எத்தனை எக்ஸ் இருந்தால் நல்ல கேமரா?
வாசகர் கேள்வி, ஸ்டூடியோக்காரர் பதில்

போன மாதம் சூப்பர்ஜூம் கேமராக்களைப் பற்றி, அதாவது லென்ஸைக் கழற்ற முடியாத, தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் கேமராக்களைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "எத்தனை எக்ஸ் வாங்கலாம்?" அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதையும் இந்த விஷயத்துக்கே விட்டுவிட்டேன். ஆல்பம் டிசைன், பாஸ்போர்ட் போட்டோ பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அரிட்டாபட்டி மலைக்கும் பக்கத்துக் கண்மாய்களுக்கும் பிள்ளைகளைப் பறவை பார்க்கக் கூட்டிப்போகிறேன். பள்ளிக்கு ஒரு கேமரா வாங்கித் தருவதாக முன்னாள் மாணவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கடையில் 60 எக்ஸ், 83 எக்ஸ், 125 எக்ஸ் என்று எடுத்து வைக்கிறார்கள். 125தான் இருப்பதிலேயே நல்லதா?
– ஓர் ஆசிரியை, மேலூர்

டீச்சர், எக்ஸ் என்பது தூரத்தைச் சொல்கிற எண்ணே இல்லை. லென்ஸ் எவ்வளவு இழுக்கும் என்பதை அதன் குவிய நீளம் மி.மீ.யில் சொல்லும். கடைசிக் குவிய நீளத்தை முதல் குவிய நீளத்தால் வகுத்தால் வருவது எக்ஸ், அவ்வளவுதான். நிக்கான் பி1000 கேமரா 24 மி.மீ.யில் தொடங்கி 3000 மி.மீ. வரை போகிறது. வகுத்தால் 125. பானாசோனிக் எஃப்இசட்82 கேமரா 20இல் தொடங்கி 1200இல் முடிகிறது. அது 60 எக்ஸ். சோனி எச்எக்ஸ்400வி 24இல் தொடங்கி அதே 1200இல் முடிகிறது. அது 50 எக்ஸ். தூரத்துப் பறவையை இரண்டும் ஒரே அளவுக்குத்தான் இழுக்கும். கூடுதலாகத் தெரிகிற அந்த 10 எக்ஸ், உங்கள் பிள்ளைகளை மரத்தடியில் வரிசையாக உட்காரவைத்து குரூப் போட்டோ எடுக்கத்தான் உதவும். எனவே கடைக்காரரிடம் "எத்தனை எக்ஸ்?" என்று கேட்காமல் "கடைசி மி.மீ. எவ்வளவு?" என்று கேளுங்கள். (இந்த மி.மீ. எல்லாம் பழைய 35 மி.மீ. ஃபிலிம் கணக்குப்படி சொல்வது. பெட்டியிலும் அந்தக் கணக்கில்தான் போட்டிருப்பார்கள்.)

அடுத்து, எவ்வளவு மி.மீ. வேண்டும் என்பது. கண்மாய்க் கரையில் நிற்கிறீர்கள். 100 மீட்டர் தள்ளித் தண்ணீருக்குள் ஒரு மஞ்சள் மூக்கு நாரை நிற்கிறது. அது ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் இருக்கும். 600 மி.மீ. லென்ஸில் பார்த்தால் ஃபிரேமின் உயரத்தில் கால் பங்குதான் நாரை, மிச்சமெல்லாம் தண்ணீர். 1365 மி.மீ.யில் பாதி ஃபிரேமுக்குச் சற்று மேலே வரும். 2000 மி.மீ.யில் முக்கால் பங்கு நிரம்பிவிடும். 3000 மி.மீ. போட்டால் தலையோ காலோ வெட்டுப்படும். நாரைக்கு இந்தக் கணக்கு சரி. பனங்காடை, பஞ்சுருட்டான் மாதிரி சின்னப் பறவைகளுக்கு நீங்கள்தான் கொஞ்சம் பக்கத்தில் போக வேண்டும்.

அரிட்டாபட்டி வேறு கதை. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அதை அறிவித்ததற்கு அங்குள்ள வல்லூறுகளும் ஒரு காரணம். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளிக் கழுகு மூன்றுமே பாறை உச்சியில்தான் உட்காரும். அடிவாரத்திலிருந்து பார்த்தால் பாறையில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி லகரா ஷாஹீனா என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் 2000 மி.மீ.யின் அருமை தெரியும். இந்த வேலைக்கு ஐந்து மடங்கு விலை கொடுத்துப் பெரிய கேமரா வாங்கியவர்களும் ஏக்கத்தோடு எட்டிப் பார்ப்பார்கள்.

அப்படியானால் 3000 இன்னும் நல்லதுதானே என்பீர்கள். காலை பத்து மணிக்கு மேல் அந்த மலையடிவாரத்தில் நின்று வ்யூஃபைண்டரில் பாருங்கள். பாறை சூடேறி, உங்களுக்கும் பறவைக்கும் நடுவில் உள்ள காற்று நெளிய ஆரம்பித்திருக்கும். வல்லூறின் கழுத்து ஒரு பக்கம் ஆடும், வால் இன்னொரு பக்கம் ஆடும், அலகின் கொக்கி வருவதும் மறைவதுமாக இருக்கும். அந்த நேரத்தில் ஜூமைக் கூட்டினால் பெரிதாவது காற்றின் நெளிவுதான். எந்தக் கம்பெனி லென்ஸும் இதைச் சரிசெய்யாது. விடிந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் எடுத்தால் 2000 மி.மீ. படம் கத்திரித்தது போல வரும். பங்குனி, சித்திரை மாதங்களில் அந்த நேரமும் சுருங்கிவிடும்.

இன்னொன்று, எடை. பி1000 கேமரா 1,415 கிராம். 83 எக்ஸ் நிக்கான் பி950 ஏறக்குறைய ஒரு கிலோ, கடைசி மி.மீ. 2000. கேனான் எஸ்எக்ஸ்70 வெறும் 610 கிராம், கடைசி மி.மீ. 1365. ஏழாம் வகுப்புப் பிள்ளை கையில் பி1000ஐக் கொடுத்துப் பாருங்கள், லென்ஸ் தரையைப் பார்க்கும். எனக்கு அந்தக் கேமரா மேல் பெரிய பிரியம் கிடையாது. முழு ஜூமில் அபெர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை) எஃப் 8க்குச் சுருங்கிவிடுகிறது; எஃப் எண் கூடக் கூடத் துளை சின்னதாகும். சுண்டுவிரல் நகத்தை விடச் சின்ன சென்சாரில் (படம் பதியும் சில்லு) எஃப் 8 என்றால், காற்று சுத்தமாக இருந்தாலும் ஓரங்கள் மழுங்கித்தான் வரும். அது ஒளியின் குணம், நிக்கானைக் குறை சொல்லிப் பயனில்லை.

உங்கள் தேவைக்கு நான் சொல்வது பி950. மலையை விட்டுவிட்டுக் கண்மாய் மட்டும் என்றால் எஸ்எக்ஸ்70. எதை வாங்கினாலும் மெனுவில் டிஜிட்டல் ஜூமை முதல் நாளே அணைத்துவிடுங்கள். பெட்டியில் 250 எக்ஸ் என்று போட்டிருப்பதெல்லாம் படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதிக் காட்டுவது. வெட்டுகிற வேலையை வீட்டில் கம்ப்யூட்டரில் நாமே செய்துகொள்ளலாம்.

பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுங்கள். 2000 மி.மீ.யில் 100 மீட்டர் தூரத்தில் ஃபிரேமுக்குள் விழுவது ஒன்றே முக்கால் மீட்டர் அகலம்தான். நேராக முழு ஜூம் போட்டுப் பறவையைத் தேடினால் வானமும் இலையும்தான் கிடைக்கும். நிக்கானில் லென்ஸின் பக்கவாட்டில் ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் ஜூம் சட்டென்று பின்வாங்கும், பறவையை நடுவில் கொண்டுவந்து பட்டனை விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும். கேனானிலும் இதற்கென்று ஒரு பட்டன் உண்டு. சூப்பர்ஜூம் வைத்திருக்கிற பல பேர் இந்தப் பட்டனைத் தொட்டதே இல்லை.

கேள்வி: பொங்கலுக்குப் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் கேலரியில் உட்கார்ந்து எடுத்தேன். என் கேமரா 83 எக்ஸ். மாடு வருவதற்கு முன்னால் உள்ள வாடிவாசல் படம் அருமையாக இருக்கிறது. மாடு வந்த படம் எல்லாம் கலங்கல். கேமராவில் கோளாறா?
– ஓர் இளைஞர், வாடிப்பட்டி

தம்பி, கேமராவில் கோளாறு இல்லை. அது நிற்பதை எடுக்கப் பிறந்த கேமரா.

இந்த வகைக் கேமராக்களில் பெரும்பாலானவை ஃபோகஸ் பிடிக்கும் விதம் இப்படி: லென்ஸை முன்னே பின்னே நகர்த்திப் பார்க்கும், எந்த இடத்தில் கோடுகள் தெளிவாகத் தெரிகின்றனவோ அங்கே நிறுத்தும். தாண்டிப் போய்விட்டுத்தான் "அடடா, முன்னாடியே இருந்ததே" என்று திரும்பி வரும். நாரை காத்திருக்கும். வாடிவாசலை விட்டுப் பாய்கிற காளை காத்திருக்குமா? சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 மாதிரியான கேமராவில் சென்சாரிலேயே 315 ஃபோகஸ் புள்ளிகள் இருக்கின்றன. எந்தப் பக்கம், எவ்வளவு நகர வேண்டும் என்று அவை ஒரே பார்வையில் சொல்லிவிடும். நொடிக்கு 24 படம் வேறு எடுக்கும். 83 எக்ஸ் கேமராவான நிக்கான் பி900, நொடிக்கு 7 படம் என்ற வேகத்தில் 7 படம் எடுத்துவிட்டு நின்றுவிடும். கார்டில் எழுதி முடிப்பதற்குள் மாடுபிடி வீரர் திமிலை விட்டுக் கீழே விழுந்து எழுந்தும் இருப்பார்.

அதற்காகக் கையில் இருப்பதை வீசிவிட வேண்டாம். முதலில் ஜூமைக் குறையுங்கள். கேலரியிலிருந்து 200, 300 மி.மீ. தாராளம். ஜூம் குறைந்தால் அபெர்ச்சர் அகலும், வெளிச்சம் கூடும், மாட்டைத் துரத்துவதும் எளிது. ஆட்டோவை விட்டுவிட்டு ஷட்டரை நீங்களே 1/1000 நொடிக்கு வையுங்கள். தை மாத வெயிலுக்கு அது கட்டுப்படியாகும். அப்புறம் முக்கியமான சங்கதி: மாடு எங்கே வரும் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். வாசல் ஒன்றுதானே. மாடு வருவதற்கு முன்பே வாசல் மரத்தின் மேல் அரைவாசி அழுத்தி ஃபோகஸைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். விரலை எடுக்காதீர்கள். கொம்பு தெரிந்ததும் மீதியை அழுத்துங்கள். முதல் பாய்ச்சல் கிடைத்துவிடும். அதற்குப் பிறகு மாடு சுற்றிச் சுழலும் காட்சிக்கு வீடியோவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இந்தக் கேமராக்கள் வீடியோவைச் சொதப்புவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியது ஒன்று. களத்தில் கொட்டுகிற தென்னை நார்த் தூள் மாட்டின் குளம்பில் பட்டுப் பறக்கும், அது கேலரி வரை வரும். ஜூம் நீட்டியிருக்கும்போது அந்தக் குழாயின் மேல் படிந்து உட்காரும். அப்படியே ஆஃப் செய்தால் குழாய் உள்ளே போகும்போது தூளையும் கூட்டிக்கொண்டு போகும். ஆஃப் செய்வதற்கு முன் முழு ஜூமையும் நீட்டி, உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் குழாயைச் சுற்றித் தட்டிவிடுங்கள். லென்ஸைக் கழற்ற முடியாத கேமராவுக்குள் தூசி போனால் போனதுதான்.

கேள்வி: மீனாட்சி அம்மன் கோயில் கோபுரத்தில் உள்ள சுதைச் சிற்பங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்க ஆசை. எனக்கு எந்தக் கேமரா?
– ஒரு வாசகர், செல்லூர்

கோயிலுக்குள் கேமராவும் செல்போனும் கூடாது என்பது உங்களுக்கே தெரியும். வெளியே வீதியிலிருந்துதான். வெளியிலிருந்து என்றால் சூப்பர்ஜூமுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை மதுரையில் கிடையாது. சிற்பம் அசையாது, வெயில் நன்றாக விழும், தூரம் அதிகம்.

பக்கத்தில் போகாதீர்கள். தெற்குக் கோபுரம் ஏறக்குறைய 170 அடி. 170 அடி தள்ளி நின்று உச்சியைப் பார்த்தால் 45 டிகிரி நிமிர வேண்டும். படத்தில் பாதமும் முகவாய்க்கட்டையும் தெரியும், முகம் தெரியாது. 600 அடி தள்ளிப் போய்விட்டால் 16 டிகிரிதான். சிலையின் கண்ணுக்குள் பார்க்கலாம். தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடி கிடைத்தால் இன்னும் நல்லது. 1200 மி.மீ. போதும்; பானாசோனிக் எஃப்இசட்82 வாங்கிக்கொள்ளுங்கள். கிழக்கு முகத்தைக் காலையிலும் மேற்கு முகத்தை மாலையிலும் எடுங்கள். உச்சி வெயிலில் எடுத்தால் புருவத்தின் நிழல் கண்ணை மறைத்துவிடும்.

கேள்வி: வைகைக் கரையோரம் சொந்தக்காரர் வீட்டு மாடியிலிருந்து அழகர் ஆற்றில் இறங்குவதை எடுக்கிறேன். 50 எக்ஸ் கேமரா. தங்கக் குதிரையும் பட்டும் மாவு பூசியது போலத் தெரிகின்றன. ஆபரணம் ஒன்றுகூடப் பிரிந்து தெரியவில்லை. இதைவிடப் பெரிய ஜூம் வாங்கினால் தெரியுமா?
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், தெற்கு வெளி வீதி

ஐயா, பெரிய ஜூம் வாங்கினால் பூச்சுதான் பெரிதாகத் தெரியும். உங்களுக்குக் குறைவது வெளிச்சம்.

அழகர் இறங்குவது விடியும் நேரம். உங்கள் கேமராவின் சென்சார் 6.17க்கு 4.55 மி.மீ., அதாவது 28 சதுர மி.மீ. ஒரு அங்குல சென்சார் என்று சொல்கிறார்களே, அது 13.2க்கு 8.8, அதாவது 116 சதுர மி.மீ. நாலு மடங்கு பெரியது. இது போக, உங்கள் கேமரா முழு ஜூமில் எஃப் 6.3 அளவுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொள்ளும். ஆர்எக்ஸ்10 மார்க் 4 தன் கடைசியான 600 மி.மீ.யிலும் எஃப் 4 திறந்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் பெருக்கினால் வெளிச்ச வித்தியாசம் ஏறக்குறைய பத்து மடங்கு. வெளிச்சம் போதாததால் உங்கள் கேமரா ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு) 1600, 3200 என்று ஏற்றும். படத்தில் புள்ளிகள் கொட்டும். அந்தப் புள்ளிகளை அழிக்கிறேன் பேர்வழி என்று ஆபரணத்தையும் சேர்த்துத் துடைத்துவிடும். நீங்கள் பார்க்கிற மாவு அதுதான்.

செலவில்லாமல் செய்யக்கூடியது: ஜூமைப் பாதியில் நிறுத்துங்கள். கேமராவைக் கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் வையுங்கள். ஷட்டர் 1/125க்குக் கீழே போக வேண்டாம். சீர்பாதம் தாங்கிகள் தோளில் குதிரை ஆடி ஆடித்தான் வரும். வீரராகவப் பெருமாள் எதிர்கொண்டு வரவேற்று முடித்து, அழகர் ராமராயர் மண்டபத்துக்குப் புறப்படும் நேரத்தில் நல்ல வெயில் வந்திருக்கும். உங்கள் கேமராவுக்கு அதுதான் முகூர்த்தம்.

செலவு செய்யலாம் என்றால் இரண்டு வழி. பானாசோனிக் எஃப்இசட்300, 600 மி.மீ. வரைக்கும் எஃப் 2.8இலேயே நிற்கும். சென்சார் சின்னதுதான், ஆனாலும் அந்த அபெர்ச்சரால் உங்களுடையதை விட ஐந்து மடங்கு வெளிச்சம் வாங்கும். அதைவிட மேல் ஆர்எக்ஸ்10 மார்க் 4. விலை கேட்டால் கொஞ்சம் உட்கார்ந்து கேட்கவும். இந்த இரண்டிலும் இன்னொரு சௌகரியம், தண்ணீர்த் துளி தாங்கும்படி செய்திருக்கிறார்கள். கீழே இறங்கிக் கூட்டத்துக்குள் போனால் துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் உங்களையும் விட மாட்டார்கள், கேமராவையும் விட மாட்டார்கள். பி900, எஸ்எக்ஸ்70 இரண்டும் அந்தத் தண்ணீருக்கு ஆகாது. தாங்கும் என்று சொல்கிற கேமராவையும் முக்கி எடுக்கச் சொல்லவில்லை.

கேள்வி: தோழியின் போனில் 100 எக்ஸ் இருக்கிறது. நிலாவின் பள்ளங்கள்கூடத் தெரிகின்றன. பிறகு எதற்கு ஒரு கிலோ கேமராவைச் சுமக்க வேண்டும்?
– கல்லூரி மாணவி, உசிலம்பட்டி

நல்ல கேள்வி, தாயி. சாம்சங் எஸ்23 அல்ட்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கண்ணாடி லென்ஸால் மட்டும் இழுப்பது 10 எக்ஸ், சுமார் 230 மி.மீ. அதற்கு மேல் 100 வரை போவது வெட்டி ஊதுவதும் மென்பொருள் வேலையும். நிலாவைக் கண்டுகொண்டால் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு விவரங்களைக் கூட்டுகிறோம் என்று அந்த நிறுவனமே விளக்கம் கொடுத்திருக்கிறது. நிலாவுக்கு இது பலிக்கிறது, ஏனென்றால் நிலா நமக்கு எப்போதும் ஒரே முகத்தைத்தான் காட்டும். யானைமலை உச்சியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பருந்தை அதே 100 எக்ஸில் எடுக்கச் சொல்லுங்கள். வாட்டர் கலரில் ஒரு பருந்து வரும்.

சூப்பர்ஜூமில் எடுத்த நிலா நீங்கள் பார்த்த அதே நிலா. 2000 மி.மீ.யில் ஃபிரேமின் உயரத்தில் பத்தில் ஏழு பங்கு வரும். 3000 மி.மீ.யில் பல நாள் ஃபிரேமுக்குள்ளேயே அடங்காது, விளிம்பு வெட்டுப்படும். பௌர்ணமிக்கு ஐஎஸ்ஓ 100, எஃப் 6.5, ஷட்டர் 1/250 என்று வைத்துத் தொடங்குங்கள். ஆட்டோவில் விட்டால் சுற்றியிருக்கும் இருட்டைப் பார்த்து ஏமாந்து நிலாவை வெள்ளைத் தட்டாக ஆக்கிவிடும். பள்ளங்கள் வேண்டுமென்றால் பௌர்ணமியை விட அஷ்டமி நிலா நல்லது. வெயில் சாய்வாக விழும் எல்லைக்கோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நிழல் இருக்கும். டிரைபாடில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு நிலா அகலம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

வீட்டு விசேஷம், சாப்பாடு, இரவு நேரத் தெருக்காட்சி எல்லாவற்றுக்கும் போன்தான் நல்லது. அதற்காக மட்டும் சூப்பர்ஜூம் வாங்கினால் வருத்தப்படுவீர்கள்.

கேள்வி: டிஎஸ்எல்ஆர் பாடியும் 150-600 லென்ஸும் வாங்குவதா, இல்லை பிரிட்ஜ் கேமரா என்கிற இந்த சூப்பர்ஜூமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

தரத்தில் முன்னதுதான், சந்தேகமே இல்லை சார். ஆனால் அந்த லென்ஸ் மட்டும் ஏறக்குறைய இரண்டு கிலோ. அதோடு பாடி, டிரைபாட், இன்னொரு லென்ஸ் என்று பை கனக்கும். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு வண்டியில் போய் இறங்கிக் கரையில் நின்று எடுப்பவர் என்றால் அதை வாங்குங்கள். அழகர்மலையில் நூபுர கங்கை வரை நடந்து போகிறவர் என்றால் பிரிட்ஜ் கேமரா. பாதிப் பேர் பெரிய லென்ஸை வாங்கி பீரோவில் வைத்திருக்கிறார்கள், எனக்குத் தெரிந்தே.

கேள்வி: புது மாடல் வரும் வரை காத்திருக்கலாமா?
– ஒரு வாசகர், சிவகங்கை

எதற்கு? 2024இல் வந்த பானாசோனிக் எஃப்இசட்82டி, 2017 மாடலின் அதே 20-1200 லென்ஸ்தான். வ்யூஃபைண்டரும் திரையும் நன்றாக இருக்கின்றன, சார்ஜ் செய்ய சி டைப் வந்திருக்கிறது. 2025இல் வந்த நிக்கான் பி1100ம் 2018இல் வந்த பி1000இன் லென்ஸோடுதான் வந்தது, சி டைப்போடு. ஐரோப்பாவில் 2024 டிசம்பர் முதல் கேமராக்களுக்கும் சி டைப் கட்டாயம் என்று சட்டம் வந்துவிட்டது. ஆர்எக்ஸ்10 மார்க் 4 வந்தது 2017இல். போன்கள் இந்த வியாபாரத்தைச் சாப்பிட்டுவிட்டதால் கம்பெனிகள் புதுச் சென்சாருக்குப் பணம் போடத் தயங்குகின்றன. காத்திருக்கும் நேரத்தில் ஒரு வலசைப் பருவம் போய்விடும். பழைய மாடல் குறைந்த விலைக்குக் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் பழைய நிக்கான் பி900 விற்கிறார். வாங்கலாமா? என்ன பார்க்க வேண்டும்?
– ஒரு வாசகி, திருமங்கலம்

வாங்கலாம். 2015இல் வந்த கேமரா, இன்றைக்கும் பகல் வெளிச்சத்தில் அதன் 2000 மி.மீ. குறைந்துபோகவில்லை. பி950இல் இருக்கும் ரா ஃபைல் (கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் படம்) இதில் கிடையாது. பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து திருத்தும் பழக்கம் உங்களுக்கு இல்லையென்றால் அந்தக் குறை தெரியவே தெரியாது.

பார்க்கும் முறையைச் சொல்கிறேன். ஆன் செய்து ஜூமை முழுதாக நீட்டி, உள்ளே இழுத்து, மறுபடி நீட்டுங்கள். ஒரே சீரான சத்தம் வர வேண்டும். நடுவில் திக்கினாலோ நறநறவென்றாலோ மண் போயிருக்கிறது, வேண்டாம். நீட்டிய குழாயை விரலால் மெல்லத் தொட்டால் துளி ஆட்டம் இருக்கும், அது இயல்பு. லொடலொடவென்று ஆடினால் எங்கோ விழுந்திருக்கிறது. அடுத்து, வெறும் வானத்தை நோக்கி எஃப் 8 வைத்து, ஜூமின் தொடக்கத்தில் ஒன்றும் கடைசியில் ஒன்றும் எடுங்கள். அந்தப் படங்களைத் திரையில் பெரிதாக்கி மூலை மூலையாகப் பாருங்கள். சாம்பல் நிறப் பொட்டு இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தால் சென்சார் மேல் தூசி. இதைத் துடைக்க முழுக் கேமராவையும் பிரிக்க வேண்டும். என் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரு சர்வீஸ் சென்டரில் சொன்ன தொகைக்கு இன்னொரு பழைய கேமராவே வாங்கியிருக்கலாம்.

போன் டார்ச்சை லென்ஸுக்குள் சாய்வாக அடித்துப் பாருங்கள். நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. ஐப்பசி கார்த்திகையில் பீரோவில் துணிகளோடு வைத்திருந்த கேமராவில் இது சகஜம். பிறகு தூரத்து போர்டு ஒன்றை முழு ஜூமில் கையில் பிடித்தே எடுங்கள். வ்யூஃபைண்டரில் எழுத்து மிதப்பது போல நின்றால் ஆட்டம் தாங்கும் பகுதி வேலை செய்கிறது. துள்ளினால் அது போய்விட்டது. அது போன சூப்பர்ஜூமை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கடைசியாக, பேட்டரியை வெளியே எடுத்து மேஜையில் வைத்துச் சுண்டுங்கள். பம்பரமாகச் சுற்றினால் உப்பியிருக்கிறது. பி900க்குப் பேட்டரி இஎன்-இஎல்23; பி950, பி1000 பேட்டரி இதற்குள் போகாது. உப்பியிருந்தால் புதுப் பேட்டரிக்கான பணத்தை விலையில் கழித்துக் கேளுங்கள், தெரிந்தவர்தானே என்று விட்டுக்கொடுக்க வேண்டாம்.